உயிலும் வாரிசு உரிமையும்
பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் அறிய வேண்டியவை

கிணறு வெட்டுவதிலும், வரப்பை உயர்த்துவதிலும், விதையைத் தேர்ந்தெடுப்பதிலும் நமது குடியானவர்கள் காட்டுகின்ற கருத்து அளவிடற்கரியது. ஆனால், தம் காலத்திற்குப் பின் அந்நிலம் யாரை, எவ்வாறு சென்றடையும் என்பதில் அவர்கள் அத்தகைய கருத்தைக் காட்டுவதில்லை. "நல்ல நாளும் அதுவுமாகச் சாவைப் பற்றி என்ன பேச்சு?" என்று பெரியவர்கள் தட்டிக் கழிக்கின்றனர், பிள்ளைகளும் கேட்கக் கூசுகின்றனர். இதன் விளைவாக, பாட்டனார் மறைந்து முப்பது ஆண்டுகள் கடந்தும் பட்டா அவர் பெயரிலேயே நிற்கின்ற குடும்பங்கள் ஒவ்வோர் ஊரிலும் உள்ளன.

பட்டா தம் பெயரில் இல்லாதவர், கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடன் பெற அலைகின்றார். நிலமுள்ள விவசாயக் குடும்பங்களுக்கு மத்திய அரசு 2019-ஆம் ஆண்டு தொடங்கிய நிதியுதவியும் அவருக்கு எளிதில் கிடைப்பதில்லை. சாலைக்காக நிலம் எடுக்கப்படின், இழப்பீடு யாருக்கு என்னும் வழக்கு எழுகின்றது. இவை பணத்தைப் பற்றிய தொல்லைகள். இவற்றினும் பெரிய தொல்லை, உடன்பிறந்தோர் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமற் போவதாகும்.

ஒரு கையொப்பத்தின் விலை

நான் பணியாற்றிய ஒன்றியத்துக் கிராமம் ஒன்றில், தம் உழைப்பால் ஆறு ஏக்கர் நிலம் வாங்கிய விவசாயி ஒருவர் உயில் ஏதும் எழுதாமல் மறைந்தார். அவருக்கு வயது முதிர்ந்த தாயார், மனைவி, இரண்டு குமாரர்கள், வெளியூரில் மணம் செய்து கொடுக்கப்பட்ட ஒரு குமாரத்தி ஆகியோர் இருந்தனர். காரியம் முடிந்த மறு வாரமே, "வாரிசுகள் குமாரர் இருவரே" என்று எழுதிய காகிதம் ஒன்றை மூத்த குமாரர் பஞ்சாயத்து அங்கத்தினர் ஒருவரிடம் கொண்டுவந்தார். பெண்ணுக்கு நகை போட்டு மணம் முடித்தாயிற்று; ஆகவே பங்கு இல்லை என்பது ஊர் வழக்கு. அங்கத்தினரும் சாட்சிக் கையொப்பம் இட்டார். குமாரர் இருவரும் கூர்ச்சீட்டு எழுதி நிலத்தைப் பிரித்துக்கொண்டனர்.

நான்கு ஆண்டுகள் சென்றன. மூத்தவர் தம் மகளின் திருமணத்திற்காக ஒரு ஏக்கரை விற்க முன்வந்தார். நிலம் வாங்க வந்தவரின் வழக்கறிஞர், வட்டாட்சியர் அளித்த வாரிசுச் சான்றிதழையும், சகோதரி, தாயார், பாட்டியார் ஆகியோரின் கையொப்பங்களையும் கேட்டார். விற்பனை நின்றது. சகோதரி கையொப்பமிட மறுத்தார். நான் நேரில் கேட்டபொழுது அவர் கூறியது இதுவே: "பங்கு வேண்டும் என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை. நான் பிறக்கவே இல்லை என்று எழுதிவிட்டார்களே!" சாட்சிக் கையொப்பமிட்ட அங்கத்தினரோ, "நல்ல எண்ணத்தோடுதான் போட்டேன்" என்று வருந்தினார். அவர் கூறியது மெய்யே. ஆயினும் சட்டம் தெரியாத நல்லெண்ணம் ஒரு குடும்பத்தைப் பிரித்துவிட்டது.

இக்குடும்பத்தின் ஆறு ஏக்கரையே பாடமாகக் கொண்டு சட்டத்தை அறிந்துகொள்வோம்.

உயில் இல்லையெனில் யாருக்கு எவ்வளவு?

இந்துக்களைப் பொறுத்தவரை 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் இதனை வகுத்துள்ளது. ஆடவர் ஒருவர் உயில் எழுதாமல் இறப்பின், அவருடைய தாயார், மனைவி, குமாரர்கள், குமாரத்திகள் ஆகிய அனைவரும் முதல் வகுப்பு வாரிசுகள் ஆவர். முன்னரே இறந்துபோன பிள்ளை இருப்பின், அப்பிள்ளையின் குடும்பத்தினருக்கு அப்பங்கு சேரும். தந்தையார் முதல் வகுப்பில் இல்லை என்பதையும், தாயார் உண்டு என்பதையும் பலர் அறியார்.

மேற்கூறிய ஆறு ஏக்கர், அதாவது 600 சென்ட், இறந்தவரின் சுயசம்பாத்தியம். வாரிசுகள் ஐவர். ஆகவே தாயாருக்கு 120, மனைவிக்கு 120, குமாரர் இருவருக்கும் தலைக்கு 120, குமாரத்திக்கு 120 சென்ட் வீதம் சமமாகச் சேரும். மணமான பெண், மணமாகாத பெண் என்னும் வேறுபாடு இதில் இல்லை. நகையும் சீரும் பெற்றார் என்பதால் பங்கு குறைவதில்லை.

அதே நிலம் கூட்டுக் குடும்பத்தின் பூர்வீகச் சொத்தாயின் கணக்கு மாறுபடும். தமிழ்நாட்டில் 1989-ஆம் ஆண்டு மார்ச்சு 25 முதல், அன்று மணமாகாதிருந்த பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் ஆண்மக்களோடு ஒத்த உரிமை அளிக்கப்பட்டது. 2005-ஆம் ஆண்டு செப்டம்பர் 9 முதல் மத்தியச் சட்டத்திருத்தம் எல்லாப் பெண்மக்களுக்கும் அவ்வுரிமையை அளித்தது. அவ்வுரிமை பிறப்பினால் வருவது. 2005-இல் தந்தையார் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதில்லை என்று 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 11-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. எனினும், 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 20-க்கு முன் பதிவு செய்த பத்திரத்தாலோ நீதிமன்றத் தீர்ப்பாலோ முடிந்துவிட்ட பாகப்பிரிவினை கலைக்கப்படுவதில்லை. "அக்காலத்திலேயே வாய்மொழியாகப் பிரித்துவிட்டோம்" என்று கூறுவது மட்டும் இதற்குப் போதாது.

ஆகவே பூர்வீகச் சொத்தில், தந்தையார், குமாரர் இருவர், குமாரத்தி ஆகிய நால்வருக்கும் முதலில் 150 சென்ட் வீதம் பிரியும். பின்னர் இறந்த தந்தையாரின் 150 சென்ட் மட்டும் ஐந்து வாரிசுகளுக்கும் 30 சென்ட் வீதம் பிரியும். முடிவில் குமாரர் இருவருக்கும் குமாரத்திக்கும் தலைக்கு 180 சென்ட். மனைவிக்கும் தாயாருக்கும் தலைக்கு 30 சென்ட். இரு கணக்குகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நிலத்தின் தன்மை மாறினால், கைம்பெண்ணின் பங்கு 120 சென்ட்டிலிருந்து 30 சென்ட்டாகக் குறைகின்றது. தம் மனைவியின் முதுமைக் காலத்தைப் பற்றிக் கவலையுள்ள ஒவ்வொருவரும் உயிலைக் குறித்துச் சிந்திக்க வேண்டியதன் காரணம் இதுவே.

தந்தையிடமிருந்து வந்தது எல்லாம் பூர்வீகச் சொத்து என்று கூறுவது கிராமத்தில் பழக்கம். சட்டத்தில் அவ்வாறன்று. 1956-க்குப் பின் இறந்த தந்தையின் தனிச்சொத்தை வாரிசு என்ற முறையில் பெற்ற குமாரருக்கு அது அவருடைய சொந்தச் சொத்தே என்று 1986-இல் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. ஆதலின் எது பூர்வீகம், எது சுயசம்பாத்தியம் என்பதைத் திண்ணையில் முடிவு செய்யாது, பத்திரங்களை வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டி அறிதல் வேண்டும்.

நிலம் பெண்ணின் பெயரில் இருந்து, அவர் உயில் எழுதாது இறப்பின், கணவரும் குமாரர்களும் குமாரத்திகளும் சமமாகப் பெறுவர். பிள்ளையில்லாத பெண்ணுக்குப் பெற்றோர்வழி வாரிசாக வந்த சொத்து, அவருடைய தந்தையின் வாரிசுகளுக்கே திரும்பும்.

கிறிஸ்தவர்களுக்கு 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும்; மனைவியும் மக்களும் இருப்பின் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கும், மக்கள் அனைவருக்கும் சமமாக மூன்றில் இரு பங்கும் சேரும். முஸ்லிம்கள் தம் சமயச் சட்டப்படி பங்கு பெறுவர். வாரிசுகளின் இசைவின்றி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிலால் பிறருக்கு எழுத இயலாது.

உயில் எழுதும் முறை

உயில் எழுதுவதற்கு முத்திரைத்தாள் வேண்டியதில்லை, வெள்ளைத்தாளே போதும். பதிவு செய்வதும் கட்டாயமன்று. எனினும், சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்து வைப்பின், காணாமற் போவதும் மாற்றப்படுவதும் தவிர்க்கப்படும். முத்திரையிட்ட உறையில் மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்து வைக்கவும் வழியுண்டு. எழுதும்பொழுது பின்வருவனவற்றைக் கவனிக்க வேண்டும்.

1. எழுதுபவர் 18 வயது நிரம்பியவராகவும், தெளிந்த அறிவு உடையவராகவும் இருத்தல் வேண்டும். நோய்ப் படுக்கையில் அவசரமாக எழுதப்படும் உயில்களே பெரும்பாலும் வழக்குக்குள்ளாகின்றன. ஆகவே நல்ல உடல்நிலையில் இருக்கும்பொழுதே எழுதுதல் நன்று.

2. சர்வே எண், உட்பிரிவு எண், பரப்பு, நான்கு எல்லைகள், கிணறு, மோட்டார், வண்டிப்பாதை ஆகியவற்றைத் தெளிவாகக் குறிக்க வேண்டும். கிணற்று நீரில் யாருக்கு எத்தனை நாள் முறை என்பதையும் எழுதிவிட்டால் பிற்காலப் பூசல் குறையும்.

3. கையொப்பம் அல்லது பெருவிரல் ரேகையைக் குறைந்தது இரண்டு சாட்சிகள் காண இடவேண்டும். சாட்சிகளும் எழுதியவர் முன்னிலையில் கையொப்பமிட வேண்டும். பிற்காலத்தில் சாட்சிகளில் ஒருவரேனும் நீதிமன்றத்தில் வந்து சொல்ல நேரிடும். ஆதலின் எழுதுபவரினும் வயதிற் குறைந்தவரைச் சாட்சியாகக் கொள்வது அறிவுடைமை. சொத்தைப் பெறுபவரைச் சாட்சியாக்குதல் கூடாது.

4. ஒருவர் தமக்கு உரிய பங்கை மட்டுமே உயிலில் எழுதலாம். பூர்வீகச் சொத்தாயின் அதில் தமக்குள்ள பங்கை எழுதலாம். பிள்ளைகளின் பங்கை எழுத இயலாது.

5. வாரிசு எவருக்கேனும் பங்கு குறைத்தோ கொடாமலோ எழுதினால், அதற்குரிய காரணத்தை இரண்டு வரியில் கூறிவிடுதல் நன்று. காரணமின்றி விலக்கப்பட்டவரே வழக்குத் தொடுப்பவர் ஆகின்றார்.

உயிலை எழுதியவர் தம் வாழ்நாளில் எத்தனை முறையும் மாற்றலாம். இறுதியில் எழுதியதே செல்லும். அவர் உயிரோடு இருக்கும்வரை யாருக்கும் அதனால் உரிமை பிறப்பதில்லை.

செட்டில்மெண்டுப் பத்திரம் இதனினும் வேறானது. பதிவு செய்த உடனே சொத்து பெற்றவருக்குச் சென்றுவிடும். மனம் மாறினால் எளிதில் திரும்பப் பெற இயலாது. வீட்டையும் நிலத்தையும் இவ்வாறு எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு வேளைச் சோற்றுக்குக் காத்திருக்கும் முதியோரை நாம் கண்டிருக்கின்றோம். ஆகவே, தம் ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமையை வைத்துக்கொள்வதோடு, தம்மைப் பராமரிக்க வேண்டும் என்னும் நிபந்தனையையும் பத்திரத்திலேயே எழுதுதல் வேண்டும். 60 வயது நிரம்பியவர், அந்நிபந்தனை மீறப்பட்டால், 2007-ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் முதியோர் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவின்படி, வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலுள்ள தீர்ப்பாயத்தில் மனுக்கொடுத்து, அப்பத்திரத்தைச் செல்லாததாக்கக் கோரலாம்.

இறந்த பின் செய்ய வேண்டியவை

முதலாவது, இறப்பைப் பதிவு செய்தல். கிராமத்தில் கிராம நிர்வாக அலுவலரிடம் 21 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். அதன் பின் தாமதக் கட்டணமும் அனுமதியும் தேவைப்படும். ஓராண்டு கடந்துவிட்டால் வருவாய்க் கோட்டாட்சியரின் ஆணை வேண்டும். துக்க வீட்டில் இதனை நினைவூட்டுவது அங்கத்தினர் செய்யக்கூடிய முதல் உதவி.

இரண்டாவது, வாரிசுச் சான்றிதழ். இ-சேவை மையத்தின் வழியாக விண்ணப்பித்து, விசாரணைக்குப் பின் வட்டாட்சியரிடம் பெற வேண்டும். இச்சான்றிதழ் வாரிசுகள் யாவர் என்பதைக் காட்டுமே யன்றி, யாருக்கு எவ்வளவு என்பதைக் கூறாது. வாரிசு ஒருவரை மறைத்துப் பெறும் சான்றிதழ் நிலைக்காது. பொய்த் தகவல் தருவது குற்றமுமாகும்.

மூன்றாவது, பட்டா மாற்றம். வாரிசுகள் அனைவர் பெயரிலும் முதலில் கூட்டுப்பட்டா பெறலாம். தனிப்பட்டா வேண்டின், பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து, நிலத்தை அளந்து உட்பிரிவு செய்ய வேண்டும். நிலத்தைப் பிரித்ததற்குச் சான்றாக, பதிவு செய்யப்படாத பாகப்பத்திரத்தை நீதிமன்றம் ஏற்பதில்லை. பங்கு வேண்டாம் என்று மனமொப்பி விட்டுக்கொடுப்பவர் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். வெற்றுத்தாளில் வாங்கிய கையொப்பம் விடுதலை ஆகாது.

நான்காவது, வங்கிப் பணமும் கடனும். வங்கியில் நியமனதாரராகக் குறிக்கப்பட்டவர் பணத்தைப் பெற்றுக்கொள்ள உரியவரே யன்றி, அதற்கு உடைமையாளர் ஆகிவிடுவதில்லை. வாரிசுகளுக்குச் சேர வேண்டியதை அவர் கொடுத்தாக வேண்டும். நியமனதாரர் குறிக்கப்படாத தொகைக்கு நீதிமன்றத்தில் வாரிசுரிமைச் சான்று பெற நேரிடலாம். இறந்தவரின் கடனுக்கு வாரிசுகள் தாம் பெற்ற சொத்தின் அளவிற்கே பொறுப்பாவர். "அப்பன் பட்ட கடனுக்கு உன் கூலியைக் கொடு" என்று கேட்க எவருக்கும் உரிமையில்லை.

ஐந்தாவது, சிறுவர்களின் பங்கு. இந்துக் குடும்பத்தில் 18 வயது நிரம்பாத பிள்ளைக்கு வந்த தனிப்பங்கை, தாயாரேயாயினும் நீதிமன்ற அனுமதியின்றி விற்கக் கூடாது. அனுமதியின்றி விற்றதை அப்பிள்ளை வயது வந்தபின் எதிர்த்து நீக்கிக்கொள்ளலாம். இதனை அறியாமல் நிலம் வாங்கி ஏமாறுவோரும் விவசாயிகளே.

கட்டணமில்லாச் சட்ட உதவி

"இவ்வளவுக்கும் வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் ஏது?" என்னும் கேள்வி நியாயமானதே. பொருள் வசதியின்மையால் எவருக்கும் நீதி மறுக்கப்படலாகாது என்னும் கோட்பாடு 1976-இல் அரசியலமைப்பின் 39-அ பிரிவாகச் சேர்க்கப்பட்டது. அதற்கிணங்க இயற்றப்பட்ட 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் 1995-ஆம் ஆண்டு நவம்பர் 9 முதல் நடைமுறையில் உள்ளது. இதன்படி மாவட்டத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும், வட்ட அளவில் நீதிமன்ற வளாகத்தில் வட்டச் சட்டப் பணிகள் குழுவும் இயங்குகின்றன.

பெண்கள், சிறுவர்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழில்துறைத் தொழிலாளர்கள், இயற்கைச் சீற்றத்தால் பாதிக்கப்பட்டோர் ஆகியோர் வருமானத்தைப் பாராமலே இவ்வுதவியைப் பெறலாம். மற்றவர்கள், வகுக்கப்பட்ட வருமான வரம்பிற்குள் இருப்பின் பெறலாம். ஆகவே, பங்கு மறுக்கப்பட்ட குமாரத்தியும், கணவரை இழந்த மனைவியும் எவ்வளவு நிலம் உடையவராயினும் தகுதியுடையவரே. மனுவுக்குக் கட்டணமில்லை, வழக்கறிஞரைக் குழுவே அமர்த்தித் தரும், நீதிமன்றக் கட்டணமும் அதில் அடங்கும். 15100 என்னும் தொலைபேசி எண்ணில் அழைத்தும் விவரம் கேட்கலாம்.

வழக்கு தொடுப்பதற்கு முன்னரே இருதரப்பாரையும் அழைத்துச் சமரசம் பேசுவதற்கு மக்கள் நீதிமன்றம் உள்ளது. இருவரும் இசைந்தால் மட்டுமே அங்கு முடிவு எழுதப்படும். எழுதப்பட்டபின் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். அதன்மேல் முறையீடு இல்லை. ஏற்கெனவே வழக்கு நடந்துவந்தால் கட்டிய கட்டணமும் திரும்பக் கிடைக்கும்.

மேற்கூறிய ஆறு ஏக்கர்க் குடும்பமும் இறுதியில் அங்கேதான் சென்றது. சகோதரி கேட்ட முதல் காரியம், தம் பெயர் வாரிசுச் சான்றிதழில் எழுதப்பட வேண்டும் என்பதே. அது நிறைவேறியபின், தமக்குரிய 120 சென்ட்டில் கிணற்றோரம் 60 சென்ட்டை வைத்துக்கொண்டு, மீதி 60 சென்ட்டைச் சகோதரர்களுக்கு விடுதலை செய்து பதிவு செய்தார். தாயாரும் பாட்டியாரும் தம் பங்குகளைத் தம் பெயரிலேயே வைத்துக்கொண்டனர். நின்றுபோன விற்பனையும் நடந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன்னரே உண்மையை எழுதியிருப்பின், அக்குடும்பம் இத்தனை மனக்கசப்புக்கு உள்ளாகியிராது.

அங்கத்தினர் கடமை

வாரிசு எவரையேனும் விட்டு எழுதிய காகிதத்தில் சாட்சிக் கையொப்பம் இடாதீர்கள். பெண்மக்களின் பெயர் எழுதப்பட்டுள்ளதா, இறந்தவரின் தாயார் இருக்கின்றாரா என்று கேட்ட பின்னரே பேனாவைத் தொடுங்கள். பங்கைப் பற்றித் தீர்ப்புக் கூறுவது பஞ்சாயத்தின் வேலையன்று. வழியைக் காட்டுவதே அதன் வேலை. வட்டச் சட்டப் பணிகள் குழுவின் முகவரியைப் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் எழுதி வையுங்கள். ஆண்டில் ஒரு கிராம சபைக் கூட்டத்திலேனும், அக்குழுவின் வழக்கறிஞரை அழைத்து இப்பொருளைப் பற்றிப் பேசச் செய்யுங்கள். அன்று பெண்கள் வருவதற்கு ஏற்ற நேரத்தில் கூட்டத்தை வையுங்கள்.

விவசாயப் பெருமக்கள் இன்றே செய்யக்கூடிய காரியம் ஒன்றுண்டு. பெட்டியிலுள்ள பத்திரங்களை எடுத்து, பட்டா யார் பெயரில் உள்ளதென்று பாருங்கள். அது மறைந்துபோன பெரியவர் பெயரில் இருப்பின், முதலில் அதனை மாற்றுங்கள். உங்கள் பெயரில் இருப்பின், மனைவியையும் மக்கள் அனைவரையும் உடன் அமர்த்தி, உங்கள் எண்ணத்தைச் சொல்லுங்கள். பின்னர் அதனை எழுதி வையுங்கள். உழைத்துச் சேர்த்த நிலம் உங்கள் மக்களைப் பகைவராக்காமல் அவர்களுக்குச் சோறு போடுவதற்கு இதுவே வழி.